யூரெயில் பாஸ், ரயில் பிளானர் செயலி: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "பாஸ் எடுக்கலாமா, தனித்தனி டிக்கெட்டா?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. போகப்போகும் நாடுகளில் முன்பதிவு இல்லாமல் ரயில் ஏற முடியுமா? பல நாடுகளின் ரயில்களில் ஒரே டிக்கெட்டாகச் செல்லும் யூரெயில் குளோபல் பாஸைக் கோடையிலும் குளிரிலும், பல நாட்டுத் தடங்களிலும் பயன்படுத்திப் பார்த்தபின் உறுதியாகச் சொல்ல முடிவது இது: ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் அது முழு டிக்கெட். பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் இத்தாலியின் அதிவேக ரயில்களிலும் அது பாதி டிக்கெட்தான்.

காரணம் எளிது. ஜெர்மனியின் ஐசிஇ, ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட் போன்ற ரயில்களில் உள்நாட்டுப் பயணத்துக்கு இருக்கை முன்பதிவு கட்டாயமில்லை. பாஸ் கையில் இருந்தால் வருகிற ரயிலில் ஏறலாம், பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஊரில் இறங்கலாம். பிரான்ஸின் டிஜிவி அப்படியல்ல. பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு ரயிலுக்கும் தனியாக முன்பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். உள்நாட்டுத் தடங்களில் அது பெரும்பாலும் 10 அல்லது 20 யூரோ. லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் நகரங்களை இணைக்கும் யூரோஸ்டாரில் இன்னும் அதிகம். கட்டணத்தைவிடப் பெரிய சிக்கல், பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கப்படும் இருக்கைகள் குறைவு என்பது. ஜூலை, ஆகஸ்டில் அந்த ஒதுக்கீடு பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அதே ரயிலில் முழுக் கட்டண டிக்கெட் விற்பனையில் இருக்கும், ஆனால் பாஸுக்கு இடமில்லை என்று வரும். "நினைத்த நேரத்தில் கிளம்பலாம்" என்று நம்பிப் பாஸ் வாங்கியவர்கள் பாரிஸில் திகைத்து நிற்பது இதனால்தான். ஸ்பெயினின் ஏவிஇ, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா இரண்டிலும் முன்பதிவு கட்டாயம். ஊய்கோ, ஃபிளிக்ஸ்டிரெயின் போன்ற மலிவு ரயில்களில் பாஸ் செல்லாது.

யார் எந்தப் பாஸ் வாங்கலாம் என்பதில் குழப்பம் அதிகம். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். கணக்கில் வருவது பாஸ்போர்ட் அல்ல, வசிக்கும் நாடு. சென்னையிலிருந்து வரும் பெற்றோர் யூரெயில் எடுப்பார்கள். அவர்களோடு சேர்ந்து சுற்றும் லண்டன் மகன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இன்டர்ரெயில்தான் எடுக்க வேண்டும். இரண்டும் 33 நாடுகளில் செல்லும். ஒரு வேறுபாடு: இன்டர்ரெயிலில் தான் வசிக்கும் நாட்டுக்குள் போக ஒரு பயணம், திரும்ப ஒரு பயணம் மட்டுமே உண்டு. 4 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளில், ஒரு பெரியவருக்கு இருவர் வரை இலவசம். ஆனாலும் அவர்கள் பெயரில் தனிப் பாஸ் எடுத்தாக வேண்டும், முன்பதிவுக் கட்டணமும் அவர்களுக்கு உண்டு. இதை விட்டுவிட்டு வரவுசெலவு போட்டால் நால்வர் குடும்பத்துக்குக் கணக்கு இடிக்கும்.

கணக்குப் போடும் முறை இப்படி. பாஸ் விலையைப் பயணநாட்களின், அதாவது அந்தப் பாஸில் ரயில் ஏறக்கூடிய நாட்களின், எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு நாளுக்கு 60 யூரோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய பயணத்துக்கான முன்பதிவுக் கட்டணத்தை அதோடு கூட்டுங்கள். பிறகு அதே தடத்துக்கு இரண்டு மாதம் முன்பு வாங்கினால் கிடைக்கும் சலுகை டிக்கெட்டின் விலையைப் பாருங்கள். வியன்னா–புடாபெஸ்ட், பிராக்–வியன்னா, மிலான்–வெனிஸ் போன்ற தடங்களில் முன்கூட்டியே வாங்கும் டிக்கெட் மலிவாகவே கிடைக்கும். அங்கே ஒரு பயணநாளைச் செலவழிப்பது நஷ்டம். சூரிச்சிலிருந்து இன்ஸ்ப்ரூக் வழியாக வியன்னா, மியூனிக்கிலிருந்து ஹாம்பர்க் போன்ற நீண்ட தடங்களிலும், கிளம்பும் நேரத்தை முன்பே முடிவுசெய்ய முடியாத நாட்களிலும் பாஸ் தன் விலையை மீட்டுக்கொடுக்கும். ஆகவே பயணம் முழுவதற்கும் பாஸ் எடுக்காமல், 1 மாதத்துக்குள் 4 அல்லது 5 பயணநாள் தரும் பாஸை நீண்ட தூரம் போகும் நாட்களுக்கு வைத்துக்கொண்டு, குறுகிய தடங்களுக்குத் தனி டிக்கெட் வாங்குவதே பெரும்பாலானோருக்குச் சரிவரும்.

சுவிட்சர்லாந்தில் மட்டும் தனிக் கணக்கு வேண்டும். யூரெயில் இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையம் வரைதான் முழுமையாகச் செல்லும். அங்கிருந்து லாட்டர்புருனன், கிரிண்டல்வால்ட், யுங்ஃப்ராவ்யோக் போகும் மலை ரயில்களில் 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. ஒரு வாரம் முழுக்க அந்தப் பள்ளத்தாக்கிலேயே தங்கப்போகிறவர்களுக்கு சுவிஸ் டிராவல் பாஸ் அல்லது அரைக் கட்டண அட்டை பொருந்தும், யூரெயில் பொருந்தாது. படகுகளும் நகரப் பேருந்துகளும் சுவிஸ் டிராவல் பாஸில் அடங்குவது கூடுதல் வசதி.

இனி செயலி. பாஸ் இப்போது யூரெயிலின் ரயில் பிளானர் என்ற போன் செயலிக்குள்தான் இருக்கிறது. குடும்பப் பெயரும் பாஸ் எண்ணும் கொடுத்துச் சேர்க்க வேண்டும். பெயரை வாங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். இனிஷியலை விரித்து எழுதும் நம் பாஸ்போர்ட்டுகளில் எது குடும்பப் பெயர், எது முதல் பெயர் என்பதில் தடுமாற்றம் வரும். வாங்கிய 11 மாதத்துக்குள் பாஸைத் தொடங்கிவிட வேண்டும். தொடங்கும்போது முதல் பயணநாளைக் குறித்து, பாஸ்போர்ட் எண் கொடுக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை தொடங்காதீர்கள். தொடங்காத சாதாரணப் பாஸை ஒரு பங்கு கழித்துத் திருப்பித் தருவார்கள். தள்ளுபடி விற்பனையில் வாங்கியதற்கு நிபந்தனை வேறு, வாங்குமுன் படித்துவிடுங்கள்.

பயண நாளன்று செய்ய வேண்டியது: போகும் ரயிலைத் தேடி 'என் பயணம்' பகுதியில் சேர்ப்பது, பாஸ் பகுதிக்குப் போய் அந்தப் பயணத்தின் பொத்தானை இயக்குவது, வரும் கியூஆர் குறியீட்டைப் பரிசோதகரிடம் காட்டுவது. இதை ரயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். பரிசோதகரைப் பார்த்தபின் பொத்தானை அழுத்தினால் டிக்கெட் இல்லாமல் வந்ததாகவே கொள்வார்கள். முந்தைய இரவே இயக்கிவைப்பதும் வேண்டாம். காலையில் மழையோ காய்ச்சலோ வந்து திட்டம் மாறினால் ஒரு பயணநாள் கரைந்துபோகும். தாமதத்தால் வேறு ரயிலில் ஏற நேர்ந்தால் அந்த ரயிலைச் செயலியில் மாற்றிச் சேர்க்க வேண்டும். தேடலில் அது வரவில்லையென்றால் கையால் உள்ளிடும் வசதி இருக்கிறது, புறப்படும் இடம், சேரும் இடம், நேரம் போட்டால் போதும். மூன்று நாளுக்கு ஒருமுறையாவது செயலி இணையத்தோடு இணைய வேண்டும். பவர் பேங்க் இல்லாமல் இந்தப் பாஸை நம்பிக் கிளம்பக் கூடாது. சார்ஜ் தீர்ந்த போன் டிக்கெட் ஆகாது.

இந்தச் செயலியின் பலம், இணையம் இல்லாமலும் அட்டவணை தேடலாம் என்பதும், 'முன்பதிவு கட்டாயமில்லாத ரயில்கள் மட்டும்' என்று வடிகட்டலாம் என்பதும். அந்த வடிகட்டி மிக உதவும். பாரிஸிலிருந்து பாசல் போக நேர் டிஜிவி இருக்கிறது. அதில் பாஸ் ஒதுக்கீடு தீர்ந்திருந்தால், காரே த லெஸ்ட் நிலையத்திலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் வரை மட்டும் டிஜிவி முன்பதிவு செய்துகொண்டு, அங்கிருந்து வட்டார ரயிலில் ஏறினால் ஏறக்குறைய 1 மணி 20 நிமிடத்தில் பாசல் வந்துவிடும். மிலானிலிருந்து வெனிஸுக்கும் ஃப்ரெச்சாரோஸாவைத் தவிர்த்து, வெரோனாவில் மாறி வட்டார ரயில்களில் போகலாம். இரண்டரை மணி நேரம் மூன்றரை ஆகும், காசு மிச்சம்.

பலவீனம், அன்றன்றைய நிலவரம். தாமதம், நடைமேடை மாற்றம், ரத்து ஆகியவற்றுக்கு இந்தச் செயலியை நம்ப வேண்டாம். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர், ஆஸ்திரியாவின் ஓபிபி, சுவிட்சர்லாந்தின் எஸ்பிபி ஆகியவற்றையும் போனில் வைத்திருங்கள். டிபி நேவிகேட்டர் ஜெர்மனியைத் தாண்டியும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளின் நேரங்களைக் காட்டும். வீட்டிலிருந்து திட்டமிட அதுவே சிறந்த கருவி. ஒரு எச்சரிக்கை: ஐரோப்பிய ரயில் அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் மாறுகிறது. கிறிஸ்துமஸ் பயணத்துக்கு அக்டோபரில் திட்டமிடுகிறவர்கள் அந்தத் தேதிக்குப் பிந்தைய நேரங்களை ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

நிலையப் பெயரில் ஏற்படும் தவறுகளே அதிகச் சேதம் செய்கின்றன. பாரிஸில் மட்டும் பெரிய நிலையங்கள் ஆறு. யூரோஸ்டார் வந்து நிற்பது காரே டு நோர். சுவிட்சர்லாந்து, லியோன், தெற்குக் கடற்கரைக்குக் கிளம்புவது காரே த லியோன். இரண்டுக்கும் நடுவே ஆர்இஆர் டி என்ற நகர ரயில் தடத்தில் இரண்டே நிறுத்தம், ஆனாலும் பெட்டியோடு மாற ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். மெட்ரோவில் யூரெயில் செல்லாது, டிக்கெட் தனி. வெனிஸில் மெஸ்த்ரே கரைப்பகுதியில் இருக்கிறது, சாந்தா லூசியா நிலையம்தான் தீவில் இருக்கிறது. பிரான்ஸின் லீலில் நிலையங்கள் இரண்டு, கொலோனில் ஹவுப்ட்பான்ஹோஃப் எனும் முதன்மை நிலையம் ஒன்று, ஆற்றுக்கு அக்கரையில் மெஸ்ஸே/டாய்ட்ஸ் ஒன்று. அவினியோன் டிஜிவி நிலையம் ஊருக்கு வெளியே. ஃப்ராங்க்ஃபர்ட் என்று தேடும்போது மைன் நதிக்கரை ஊரா, போலந்து எல்லையில் ஓடர் நதிக்கரை ஊரா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இணைப்பு ரயிலுக்கு எவ்வளவு இடைவெளி விடுவது? செயலி 7 நிமிடம், 8 நிமிடம் என்றெல்லாம் இணைப்பு காட்டும். சுவிட்சர்லாந்துக்குள் அதை ஏற்கலாம். அங்கே ரயில்களின் நேரமே ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அமைந்தவை. ஜெர்மனியில் கூடாது. 2024இல் அங்கே தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம், அதுவும் 6 நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தையும் 'நேரத்துக்கு' என்று கணக்கில் சேர்த்து. தேய்ந்த தண்டவாளங்களும் நெரிசலான சந்திப்புகளும் காரணம். ஃப்ராங்க்ஃபர்ட்–மான்ஹைம் தடத்தை 2024இல் ஐந்து மாதம் மூடிச் சீரமைத்தார்கள். ஹாம்பர்க்–பெர்லின் தடத்தை 2025 ஆகஸ்டில் மூடினார்கள். இந்த வேலை வரிசையாக மற்றத் தடங்களுக்கும் வருகிறது, ஆகவே போகும் தடம் மூடப்பட்டிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். ஜெர்மனியில் மாறும் இடத்தில் குறைந்தது 40 நிமிடம். அன்றைய கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஜெர்மனியிலிருந்து மிகவும் தாமதமாக வரும் ரயிலை சுவிஸ் ரயில்வே எல்லையிலேயே நிறுத்திவிட்டு, பாசலிலிருந்து தன் ரயிலை நேரத்துக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. நேர் ரயில் என்று தூங்கிவிடாமல் அறிவிப்பைக் கேளுங்கள்.

ஏறும் பெட்டியும் முக்கியம். பெர்லினிலிருந்து மேற்கே போகும் சில ஐசிஇ ரயில்கள் ஹம் நிலையத்தில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி கொலோனுக்கு, மறுபாதி டூசல்டார்ஃபுக்கு. கதவருகே உள்ள திரையில் சேருமிடம் பார்த்து ஏறுங்கள். இருக்கைக்கு மேல் 'ஜிஜிஎஃப் ரெசர்வியர்ட்' என்று தெரிந்தால் கடைசி நேர முன்பதிவு வரக்கூடிய இடம் என்று பொருள். நடுவழியில் எழுந்துகொள்ள நேரலாம். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் முன்பதிவு கட்டாயமில்லாவிட்டாலும் சில யூரோ கொடுத்து இடம் பிடிப்பது நல்லது, முதியவர்களோடு போனால் தவறாமல்.

காட்சிக்காகப் போகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுவிஸ் மலைகளின் புகழ்பெற்ற சுற்றுலா ரயிலான பெர்னினா எக்ஸ்பிரஸ் ஓடும் அதே தண்டவாளத்தில் சாதாரண வட்டார ரயில்களும் ஓடுகின்றன. 2,253 மீட்டர் உயரத்து ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையம், ப்ரூசியோவின் வட்டப் பாலம், எல்லாம் அதே வழியில் வரும். பாஸ் போதும், முன்பதிவு வேண்டாம், நடுவில் இறங்கி அடுத்த ரயிலில் ஏறலாம். படம் எடுக்கிறவர்களுக்குத் திறக்கக்கூடிய ஜன்னல் பல பெட்டிகளில் கிடைக்கும். எக்ஸ்பிரஸின் பெரிய கண்ணாடியில் பிரதிபலிப்புதான் விழும். சூரிச்சில் காலையில் ஏறி, கூரில் மாறி, இத்தாலியின் திரானோ வந்து, கோமோ ஏரிக்கரை வழியாக மாலையில் மிலான் சேரலாம். கோட்ஹார்ட் சுரங்கம் வழியாகப் போனால் சுமார் மூன்றேகால் மணி நேரம்தான், ஆனால் 57 கிலோமீட்டர் இருட்டு.

இரவு ரயிலில் ஒரு சலுகை உண்டு. நள்ளிரவுக்கு முன் ஏறி, நள்ளிரவுக்குப் பின் ரயில் மாறாமல் போனால், ஏறிய நாள் மட்டுமே பயணநாளாகக் கழியும். வியன்னா–ரோம் நைட்ஜெட் இதற்கு நன்றாகப் பொருந்தும். படுக்கைக் கட்டணம் தனி. ஆறு பேர் பெட்டியைவிட நாலு பேர் பெட்டியில் தூக்கம் கிடைக்கும்.

டிக்கெட், முன்பதிவு எதுவானாலும் இந்தியக் கார்டில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை முன்பே இயக்கிவைக்க வேண்டும். அங்கே போனபின் ஓடிபி வருவதற்கு இந்திய சிம்மில் ரோமிங் எஸ்எம்எஸ் வேலை செய்ய வேண்டும். இதற்காகவே கட்டாய முன்பதிவுகளை ஊரிலிருந்து கிளம்புமுன் முடித்துவிடுவது நல்லது.

தாமதத்துக்கு இழப்பீடு உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் தாண்டினால் 50 சதவீதம்; கடும் வானிலை போன்ற காரணங்களுக்கு விலக்கு. தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளில் முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவதற்கு இந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடையாது. ஆகவே மாறிப் போகும் பயணத்தை ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். பாஸ்காரர்கள் ரயில் நிறுவனத்திடம் போகாமல் யூரெயிலிடமே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ரயில் எண், தேதி, திட்டமிட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம் தேவைப்படும். இறங்கியவுடன் செயலித் திரையைப் படம் பிடித்து வையுங்கள், மூன்று மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.