ஆக்ஸ்போர்டில் படகோடு ஒரு நாள்: தேம்ஸா, கால்வாயா?

ஆக்ஸ்போர்டில் ஒரு நாள் சாவகாசமாகப் படகு ஓட்ட நினைத்தால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று தேம்ஸ் ஆறு. இன்னொன்று 1790ல் ஊருக்குள் வந்து சேர்ந்த ஆக்ஸ்போர்டு கால்வாய். இரண்டிலும் ஒரே படகில் போகலாம்: ஏழடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் ரயில் பெட்டி போல நீளமும் உள்ள நாரோபோட்.

வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தேம்ஸில் மணிக்கு 8 கிலோமீட்டர், கால்வாயில் 6.4 கிலோமீட்டர் என்பது உச்ச வரம்பு. கரையில் வேகமாக நடப்பவரோடு போட்டி போடலாம், அவ்வளவுதான். நாளின் போக்கைத் தீர்மானிப்பது லாக். தண்ணீர் மட்டம் மாறும் இடத்தில் படகை உள்ளே விட்டு, கதவை அடைத்து, நீரை நிரப்பியோ வடித்தோ ஏற்றி இறக்கும் தொட்டி அது.

தேம்ஸ் லாக்குகளில் கோடைக்காலத்தில் பெரும்பாலும் காவலர் இருப்பார். ஆக்ஸ்போர்டுக்குக் கீழே கதவுகள் விசையால் இயங்குகின்றன. என்ஜினை அணைத்துவிட்டு, முன்னும் பின்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். கால்வாயில் எல்லாம் நம் தலையில். ஒருவர் இரும்புக் கைப்பிடியோடு கரையில் குதித்து, பல்சக்கரத்தைச் சுற்றி மதகைத் திறக்க வேண்டும். தண்ணீர் சமமானதும் கதவின் நீண்ட கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். ஒரு லாக்குக்குக் கால் மணி நேரம் ஓடிவிடும். சுக்கான் பிடிப்பவரும் அசந்துவிடக் கூடாது. இறங்கும்போது பக்கச் சுவரில் தெரியும் வெள்ளைக்கோட்டுக்கு முன்னால் படகின் பின்பகுதி இருக்க வேண்டும். இல்லையென்றால் நீர் வடிய வடிய அது உள்ளேயிருக்கும் படிமேல் தொங்கிக்கொள்ளும். விடுமுறைக்கு வந்து இந்த வேலையா என்று தோன்றலாம். எனக்கு அதுதான் பிடிக்கிறது. பாசி வாசனையோடு ஈரச்சுவர் மெல்ல உயர்வதைப் பார்ப்பதற்கே போகலாம்.

தேம்ஸில் வானம் பெரிது, கரை தூரம். மழைக்குப் பிறகு நீரோட்டம் இழுக்கும். லாக்கில் சிவப்புப் பலகை தொங்கினால் அன்று கிளம்பாமல் இருப்பதே புத்திசாலித்தனம். நங்கூரமும் கைவசம் வேண்டும். கரையில் பெரும்பகுதி தனியார் நிலம் என்பதால் நினைத்த இடத்தில் கட்ட முடியாது. கால்வாயிலோ இழுவைப்பாதைப் பக்கம் ஒதுங்கி, முளையடித்துக் கட்டிவிட்டு டீ போடலாம். வில்லோக் கிளை முகத்தில் உரசும். மரத்தூக்குப் பாலம் வந்தால் அதன் கைமரத்தில் ஒருவர் ஏறி உட்கார்ந்து, படகு கடக்கும்வரை பாரமாக இருக்க வேண்டியிருக்கும். குழந்தைகள் இதற்கு முதலில் கை தூக்குவார்கள்.

கால்வாய் என்றால் ஓட்டமே இல்லை என்றும் நம்பிவிட வேண்டாம். ஊருக்கு வடக்கே ஷிப்டன் வெயர் லாக்குக்கும் பேக்கர்ஸ் லாக்குக்கும் நடுவே சுமார் ஒரு மைல் தூரம் செர்வெல் ஆறே கால்வாயாக ஓடுகிறது. ஷிப்டனில் இறக்கம் குறைவு. ஆனால் கீழேயுள்ள லாக்குகளுக்கும் போதுமான தண்ணீர் போக வேண்டும். அதனால் அந்தத் தொட்டியை அறுகோணமாக அகட்டிக் கட்டியிருக்கிறார்கள்.

சோம்பலாகச் சாய்ந்திருக்க வேண்டும், கூட வருபவர்களுக்கு முழங்கால் வலி என்றால் தேம்ஸ். கைக்கு வேலையும் நினைத்தபோது நிறுத்தும் சுதந்திரமும் வேண்டுமானால் கால்வாய். என் ஓட்டு கால்வாய்க்கு. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். காலையில், ஊருக்குள் கால்வாயிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் ஐசிஸ் லாக் வழியாகத் தேம்ஸுக்குள் நுழைந்து, குதிரைகளும் மாடுகளும் தண்ணீரில் இறங்கி நிற்கும் போர்ட் மெடோவைத் தாண்டி, காட்ஸ்டோ, கிங்ஸ் லாக்குகளில் ஏறிவிடுங்கள். உடனே வலப்பக்கம் டியூக்ஸ் கட் என்ற சிறு வாய்க்கால் வரும்; அதில் திரும்பினால் கால்வாய். எதிர்நீரோட்டத்தைக் காலையிலேயே முடித்துவிட்டால், திரும்பும் வழியில் எங்கு வேண்டுமானாலும் கட்டிப்போட்டுத் தூங்கலாம்.