‘பின் டயர்ல காத்து இல்ல’ என்று சொல்லி நிறுத்தினால் ஜாக்கிரதை

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் தினமும் பைக்கில் போய்வருகிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். வீட்டில் யாராவது அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் அவர்களுக்கும் சொல்லுங்கள். ஆணியே குத்தாத டயரில் ஏழு பஞ்சர் ஒட்டியதாகச் சொல்லி என்னிடம் 1,050 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். காசு போனதுகூடப் பரவாயில்லை. அந்த டயரோடு என்னை ரோட்டில் அனுப்பி வைத்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன வாரம் வேலை முடிந்து மணலியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கன்டெய்னர் லாரிகள் ஓரமாக வரிசை கட்டி நிற்கிற நேரம், இருட்டவும் தொடங்கியிருந்தது. பக்கத்தில் வந்த பைக்கில் இரண்டு பையன்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் சக்கரத்தைக் காட்டி, “ணா, பேக் டயர்ல காத்தே இல்லணா, வண்டி ஆடுது பாருங்க” என்றான். ஓரம் கட்டினேன். “கொஞ்சம் முன்னாடி லாரி நிக்கிற இடத்துல கடை இருக்குணா, தள்ளிக்கினே போயிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். உண்மையான அக்கறையில் சொன்ன மாதிரிதான் இருந்தது.

கடை என்றால் ஒரு கம்ப்ரஸர், தண்ணீர்த் தொட்டி, தொங்கவிட்ட பழைய டயர், அவ்வளவுதான். அங்கிருந்தவர் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அளக்கவே இல்லை. நேராகச் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே டயரின் பள்ளங்களில் விரலால் அழுத்திக்கொண்டு வந்தார். அவர் கை போன இடமெல்லாம் நுரை கிளம்பியது. “சார், ஒண்ணு இல்ல, நாலு இருக்கு” என்றார். அப்புறம் ஐந்து, அப்புறம் ஏழு. ஒரு பஞ்சர் 150 ரூபாய். ஏழாவதை ஒட்டி முடித்ததும், “டயர் வீணாப் போச்சு சார், உள்ள டியூப் போட்டுக்கங்க, இன்னும் 450 குடுங்க” என்றார். என்னுடையது உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர், அதனால் டியூப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பில் கேட்டதற்கு, “பஞ்சருக்கு எவன் சார் பில்லு குடுப்பான்” என்று பதில் வந்தது.

மறுநாள் காலை அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. தெருமுனைக்குள்ளேயே வண்டி கல்லுமேல் போகிற மாதிரி குதித்தது. அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, தண்டையார்பேட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் முதலில் அளந்தார். பின் டயரில் 48 பிஎஸ்ஐ (காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் அளவு). என் வண்டி 150 சிசி. செயின் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, ஆள் ஏறினால் 32 என்று போட்டிருக்கிறது. 48 எங்கே, 32 எங்கே!

டயரைக் கழற்றி உள்பக்கம் காட்டினார். ஏழு ஓட்டையும் ஒரே பருமன், ஒரே நேர்க்குத்து. எல்லாமே ரப்பர் மெல்லிசாக இருக்கும் பள்ளத்தில். ரோட்டில் கிடக்கும் ஆணி இப்படிப் பள்ளமாகப் பார்த்துக் குத்தாது, சாய்வாக ஏறும், பெரும்பாலும் டயரிலேயே மாட்டிக்கொண்டிருக்கும், சுற்றிலும் அழுக்கு படிந்திருக்கும் என்றார். “இது கைக்குள்ள கூர் ஊசிய மறைச்சு வெச்சிக்கினு, தடவுற மாதிரி குத்துறது. நுரை வரும், நீயும் நம்பிடுவ” என்றார். ஏழு இடத்தில் அடைப்பு வைத்த டயரில் அம்மாவை வைத்து ஓட்டாதே என்று கண்டிப்பாகவும் சொன்னார். புது டயருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. அந்தக் கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். “ரோடு பூரா இரும்புத் துண்டு சார், நாங்க இன்னா பண்றது” என்று கையை விரித்தார்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்து ரோட்டில் இரும்புத் துண்டு கிடப்பது பொய் இல்லை. லாரிகளிலிருந்து போல்ட்டு, கம்பி, ஆணி என்று ஏதாவது விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் பஞ்சர் என்று யார் சொன்னாலும் நமக்கு உடனே நம்பத் தோன்றுகிறது. இந்த ஏமாற்று வேலைக்கு முதலீடே, நம் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று நமக்குத் தெரியாததுதான். கட்டைவிரலால் அழுத்தினாலோ காலால் உதைத்தாலோ 20-க்கும் 28-க்கும் வித்தியாசம் தெரியாது. இருட்டில் பார்த்தால் எந்த டயரும் கொஞ்சம் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும்.

ஆகவே சொந்தமாக ஒரு காற்று மீட்டர் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கட்டாயம் அளக்க வேண்டும். டெலிவரி வேலை மாதிரி நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் வாரம் ஒரு முறை. நீண்ட தூரம் போகும் முன்பும், பின்னால் ஆளோ பாரமோ ஏற்றும் முன்பும் தனியாகப் பாருங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் அளப்பதுதான் சரி. ஓடிய டயர் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். காற்றின் சூடு 10 டிகிரி கூடினால் மீட்டரில் சுமாராக ஒன்றரை பிஎஸ்ஐ கூடக் காட்டும். மதிய வெயிலில் மணலிவரை போய்விட்டு அங்கே அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலை குறைந்துபோயிருக்கும்.

இப்படி அளந்துகொண்டே வந்தால் உங்கள் டயரின் பழக்கம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே குறையும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரே வாரத்தில் ஐந்து குறைந்தால் எங்கேயோ கசிகிறது. முதலில் வால்வு மூடியைக் கழற்றி, முனையில் கொஞ்சம் எச்சிலோ சோப்புத் தண்ணீரோ வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் கோளாறு வால்வு பின்னில்தான் இருக்கிறது, சின்னச் செலவில் முடிந்துவிடும்.

காற்று குறைந்து ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், ஓரங்கள் தேயும், மைலேஜ் குறையும், வளைவில் வண்டி இழுக்கும். அதிகமாக அடித்தால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். மழை ஈரத்தில் பிரேக் பிடித்தால் வழுக்கும். எனக்கு இந்த இரண்டாவதுதான் ரொம்பப் பயம், ஏனென்றால் பல பங்க்குகளில் காற்று அடிக்கிற தம்பி முன்னால், பின்னால் என்று பார்க்காமல் எல்லா வண்டிக்கும் 35 வைத்துவிடுகிறார். நம் வண்டியின் எண்ணை நாமே சொல்ல வேண்டும், அடித்து முடித்ததும் நம் மீட்டரில் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். பங்க்கில் சாதாரணக் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே வைத்திருக்கும் விதி. நைட்ரஜன் அடித்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது.

இனி யாராவது ஓடும் வண்டியில் வந்து டயரைக் காட்டினால், வெளிச்சமும் நடமாட்டமும் உள்ள இடம் பார்த்து நிறுத்தி மீட்டரை வையுங்கள். எண் சரியாக இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். குறைந்திருந்தால், கைகாட்டிய கடையை விட்டுவிட்டு வேறு கடைக்கோ பங்க்குக்கோ போங்கள். டியூப்லெஸ் டயரில் காற்று பெரும்பாலும் மெதுவாகத்தான் இறங்கும். அடித்துவிட்டுப் பத்து நிமிடம் நின்று மறுபடி அளந்து பாருங்கள். எண் அப்படியே நின்றால் தெரிந்த மெக்கானிக்வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம். ஆணி கண்ணில் பட்டால் பிடுங்காதீர்கள், அது இருக்கும்வரை ஓட்டையைக் கொஞ்சமாவது அடைத்துக்கொண்டிருக்கும். டியூப் போட்ட டயர் என்றால் இந்த அவகாசம் கிடைக்காது, காற்று சட்டென்று இறங்கிவிடும். அப்போது இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

பஞ்சர் பார்க்கும்போது கடைக்காரரின் கையைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள், போனில் வீடியோ எடுங்கள். நேர்மையாக வேலை செய்கிறவர் அதற்குக் கோபப்பட மாட்டார். வெயிலில் கரியும் கிரீஸுமாக உட்கார்ந்து நியாயமான காசுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர்கள்தான் வடசென்னையில் அதிகம், அவர்கள் பிழைப்பையும்தான் இந்தக் கும்பல் கெடுக்கிறது. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் யுபிஐயில் அனுப்புங்கள், யாருக்குப் போனது என்ற தடயமாவது மிஞ்சும். ஏற்கெனவே இப்படி மாட்டியவர்கள் அந்த டயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உள்பக்கத்தைப் படம் எடுத்து, பணம் அனுப்பிய விவரத்தோடு காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்து வையுங்கள்.