‘பயிற்சியோடு மெஷின்’ என்று சொல்லி 21,500 ரூபாய் வாங்கினார்கள்: சாய்ந்த மரம் அறுக்கப் போகிறவர்கள் படிக்கவும்

கடையின் பெயரையும் ஆளின் பெயரையும் போடப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் மரம் அறுக்கும் வேலைக்குப் புதிதாக இறங்குகிற பையன்கள் என்னைப் போலவே வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தைப் பார்த்துத்தான் போகிறார்கள், போய்க்கொண்டும் இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். மூன்றாம் நாள் ஊருக்கு வந்து பார்த்தால் ரோடு எது தோப்பு எது என்று தெரியவில்லை, தென்னை, மா, பலா எல்லாம் படுத்துக் கிடக்கிறது, மரம் அறுக்கும் மெஷினான பவர் சா வைத்திருந்தவன்தான் அன்றைக்கு ராஜா. அப்போது மனதில் விழுந்த ஆசை. கம்பெனியை விட்டு ஊரோடு வந்து சேர போன வருடம் ஆகிவிட்டது.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: மரம் அறுக்கும் மெஷின், மூன்று நாள் பயிற்சியுடன், பயிற்சி முடிந்ததும் வேலையும் பிடித்துத் தரப்படும். பழைய மெஷின் 15,000, பயிற்சி 6,500. ஜிபே பண்ணினேன். பில் கேட்டதற்கு “நம்மளுக்குள்ள என்ன தம்பி பில்லு” என்றார் கடைக்காரர். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

முதல் நாள் பெட்ரோலில் 2டி ஆயில் கலப்பது, மெஷினை ஸ்டார்ட் பண்ணுவது. ஆயில் எவ்வளவு என்றால் “கண்ணளவுதான்”. (என் மெஷினின் புத்தகத்தைப் பிறகு தேடிப் படித்தேன், 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. இவர் ஊற்றச் சொன்னது அதைப் போல மூன்று மடங்காவது இருக்கும்.) இரண்டாம் நாள் கீழே கிடந்த தென்னங்கட்டைகளைத் துண்டு போட்டோம். மூன்றாம் நாள் அவர் வரவேயில்லை, கல்யாண வீடாம். சாயங்காலம் லேமினேஷன் செய்த சான்றிதழ் ஒன்று வந்தது, அதில் என் ஆதார் அட்டைப் படம். நிற்கிற மரம் ஒன்றைக்கூட நான் அதுவரை அறுக்கவில்லை.

இரண்டாம் நாள் நான் ஒன்று கேட்டேன். “அண்ணே, சாய்ஞ்ச மரம் வந்தா என்ன பண்றது?”

“சாய்ஞ்ச மரந்தான் தம்பி லேசு. அது பாட்டுக்கு விழுற பக்கம் பாத்து நிக்குது. பின்னாடி நின்னு அறுத்தீன்னா தானா போயிரும்.”

இந்தப் பதிவே இந்த ஒரு பேச்சுக்காகத்தான். இவர் சொன்னதற்கு நேர்மாறு உண்மை.

பத்து நாள் கழித்து அவரே ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். ஒரு பெரியவரின் வயல் வரப்பில் தைல மரம், கிழக்கே நன்றாகச் சாய்ந்து நிற்கிறது, தூரில் ஒன்றரை அடிக் குறுக்களவு இருக்கும். கிழக்கே வெறும் வயல், விழுந்தால் ஒன்றும் கெடாது. பத்தடி தள்ளித் தெற்கே மோட்டார் கொட்டகை. சாய்ந்த பக்கம் ஒப்புக்கு ஒரு வெட்டுப் போட்டுவிட்டு, சொல்லிக் கொடுத்தபடியே பின்னால் வந்து நின்று அறுக்க ஆரம்பித்தேன். பாதி கூடப் போயிருக்காது. ‘பட்’ என்று ஒரு சத்தம், வேட்டு மாதிரி. வரப்பில் நின்ற பெரியவர் “தம்பி ஓடு!” என்று கத்தினார். மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் பக்கவாட்டில் பாய்ந்தேன். மரம் அறுபடவில்லை, பிளந்தது. தூரிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் நட்டுக்குத்தலாகக் கிழிந்து, பின்பாதி எகிறி, நான் நின்ற இடத்தில் நெஞ்சு உயரத்துக்கு வந்து உதைத்தது. அதன் ஓரம் உரசியதில் இடது தோளில் ஏழு தையல். மரம் அந்தப் பிளவின் மேலேயே கொஞ்ச நேரம் தொங்கி, அப்புறம் திரும்பித் தெற்கே கொட்டகை மேல் விழுந்தது. கொட்டகைக்கு 18,000 நான்தான் கொடுத்தேன். அந்தப் பெரியவர் என்னைத் திட்டவேயில்லை, டீ வாங்கிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கும் அவரே கூட்டிப் போனார், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஏன் பிளந்தது என்று பிறகு எனக்கு விளக்கியவர் பக்கத்து ஊரில் இருக்கும் ஒரு தாத்தா. குடகில் எஸ்டேட் மரம் வெட்டப் போய் வந்தவர். சாய்ந்த மரத்தில் முதுகுப் பக்க (சாய்வுக்கு எதிர்ப்பக்க) நார் முழுக்க வில் நாண் மாதிரி விறைத்து இழுபட்டு நிற்கும், வயிற்றுப் பக்கம் நசுங்கிக்கொண்டு நிற்கும். முதுகில் மெதுவாக அறுத்துக்கொண்டே போனால், அறுபட்ட பாகம் விலகப் பார்க்கும், அறுபடாத பாகம் விடாது, எடை முழுக்கத் தலையில் இழுக்கிறது, அப்போது நாரின் போக்கிலேயே மேல்நோக்கிக் கிழிந்துவிடும். தைல மரம் நேர் நார், கேட்கவே வேண்டாம். விறகு பிளந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும், எனக்குத்தான் தையல் போட்ட பிறகு புரிந்தது.

சரி, எப்படித்தான் அறுப்பது? தாத்தா அறுத்துக் காட்டினார். சாயும் பக்கம் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுக்கிறார், ஆனால் ஆழம் குறைவாக, ரொம்ப உள்ளே போனால் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) அங்கேயே கடிபட்டுவிடும். அந்த வெட்டுக்குப் பின்னால் மரத்தின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குக் கீல் மாதிரி விட்டுவிடுகிறார், மரம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைப் பிடித்து வைப்பது அதுதான். கீலுக்குப் பின்னால் பாரைப் பக்கவாட்டிலிருந்து குத்தி உள்ளே செலுத்தி, நடுவை அறுத்து எடுத்துவிட்டு, முதுகில் ஒரு பட்டையை மட்டும் விட்டு வைக்கிறார். அதுவரை மரம் அசையாது. கடைசியில் ஒதுங்கி நின்று அந்தப் பட்டையை வெளியிலிருந்து அறுத்ததும் மொத்த மரமும் ஒரே போக்காகப் போய்விடுகிறது, பிளக்க நேரமே இல்லை. மெஷினைத் தொடும் முன்பே, பின்னால் இரண்டு பக்கமும் சாய்வாக ஓடுகிற வழியைச் செடி கொடி இல்லாமல் சுத்தம் பண்ணி வைத்திருந்தார். நேர் பின்னால் ஓடக் கூடாது, உதை அங்கேதான் வரும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் குத்தி அறுக்கப் போய்விடாதீர்கள். பாரின் மூக்கில் மேல் பாதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். கீழ்ப் பாதியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நுழைக்க வேண்டும், அதற்குக் கை பழக வேண்டும். நானே இன்னும் தாத்தா பக்கத்தில் இல்லாமல் செய்வதில்லை, நன்றாகச் சாய்ந்த மரம் என்றால் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். கரண்டு கம்பி மேல் சாய்ந்ததையும், பாதி வேர் பெயர்ந்து நிற்பதையும் அப்படித்தான். வேர் பெயர்ந்ததில் தண்டை அறுத்ததும் தூர் வேர் மண்ணோடு திரும்ப நிமிர்ந்துகொள்ளும், குழிக்குள் ஆள் நின்றால் அவ்வளவுதான்.

மெஷின் கதை தனி. பார் வளைந்துவிட்டது என்று வேறு மெக்கானிக்கிடம் கொடுத்தேன், கவரைக் கழற்றியவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கிளட்ச் டிரம்மைச் சுற்றி இருக்க வேண்டிய செயின் பிரேக் பட்டையே உள்ளே இல்லை. முன் கைக்காப்பு (முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பு, பிரேக் போடுவது அதை முன்னால் தள்ளித்தான்) மட்டும் டக் டக்கென்று நன்றாக முன்னும் பின்னும் போகிறது, அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. மூக்கு எகிறும்போது செயினை நிறுத்தி உயிரைக் காப்பாற்றுவது அந்தப் பட்டைதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனால் “உனக்கு அறுக்கத் தெரியலன்னா நான் என்ன பண்றது” என்கிறார். தெரியாமல்தானே அண்ணே 6,500 கொடுத்தேன் என்றேன், பதில் இல்லை. பிறகு 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிந்தேன். தொழிலுக்கு வாங்கிய மெஷினுக்கு நுகர்வோர் சட்டம் செல்லாது என்று ஒருவர் பயமுறுத்தினார், அது தவறு. சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கிய பொருள் என்றால் நாமும் நுகர்வோர்தான், 2019 சட்டத்திலேயே இருக்கிறது. 5 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. பில் இல்லாததால் ஜிபே விவரம், வாட்ஸ்அப் விளம்பரம், அந்தச் சான்றிதழ், மெக்கானிக் எடுத்த படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். கடை வாசலில் புதுப் பெயின்ட் அடித்த பழைய மெஷின்கள் மூன்று நின்றன. ஆள் உள்ளே போனில் இருந்தார். எஞ்சின் ஓடாத மெஷின்தான், முன் கைக்காப்பை முன்னால் தள்ளிவிட்டு, துணியை வைத்துச் செயினைக் கையால் இழுத்துப் பார்த்தேன். பிரேக் இருந்தால் செயின் நகரவே கூடாது. மூன்றில் இரண்டு வழுக்கிக்கொண்டு ஓடின.