'லைன்' என்ற சொல்லைப் படிக்க அகராதியா, போனா?

சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு எதை வாங்குவது என்று தோட்டத்தில் பலரும் கேட்கிறார்கள். 'லைன்' (line) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை அகராதி, போன் இரண்டிலும் தேடிப் பார்த்தேன்.

செலவு: அகராதிக்கு ஒரு தடவைதான் காசு. போனுக்கு மாதாமாதம் டேட்டா.

உழைப்பு: மழைக் காலத்தில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) சுவரின் ஈரம் பட்டால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும்; தகரப் பெட்டியில் வைத்தால் அகராதி வருடக்கணக்கில் இருக்கும். போன் விழுந்தால் போச்சு.

சுலபம்: போன்தான், சிக்னல் இருந்தால்.

பொருள்: வித்தியாசமே இதில்தான். போனின் மொழிபெயர்ப்பு 'கோடு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. அகராதியிலோ கோடு, வரிசை, கவிதை வரி, ரயில் பாதை, தூண்டில் நூல், முகச் சுருக்கம், நாடக வசனம் என்று விரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. 'டிராப் மீ எ லைன்' என்றால் நாலு வரி எழுதிப் போடு என்பதும் அங்கேதான் கிடைத்தது. நம் 'லயம்'கூட 'வரிசை' என்ற அந்தப் பொருளில் பிறந்ததுதான். வெள்ளைக்காரர் காலத்தில் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய அறைகள். அந்தப் பொருளை இரண்டிலுமே காணவில்லை, எனக்கு அது வருத்தம்.

உச்சரிப்பு கேட்டுப் பழகப் போன் போதும். கட்டுரை, பரீட்சை என்றால் அகராதி. ஒன்றுதான் முடியும் என்றால் நான் அகராதியைத்தான் வாங்குவேன்.