விக் மாட்டும் முன்பே மனைவி ஆனவர்: ‘ஐ வாஸ் எ மேல் வார் பிரைட்’ (1949)

பெண் வேடக் காமெடி என்று கேள்விப்பட்டு இந்தப் படத்தைப் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 105 நிமிடப் படத்தில் ஹாலிவுட் நாயகன் கேரி கிராண்ட் பாவாடை கட்டுவது கடைசிப் பகுதியில், கொஞ்ச நேரம்தான். அதற்காகவே காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பாலினம் பற்றிப் படம் சொல்ல வருவதெல்லாம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

இடம், போர் முடிந்த ஜெர்மனி. பிரெஞ்சு ராணுவ கேப்டன் ஹென்ரியும் (கிராண்ட்), அமெரிக்க மகளிர் படைப்பிரிவின் லெப்டினன்ட் கேத்தரினும் (ஆன் ஷெரிடன்) ஒரு லென்ஸ் நிபுணரைத் தேடிப் புறப்படுகிறார்கள். மோட்டார் சைக்கிளை ஓட்டும் அனுமதி அவளுக்குத்தான். பதவியில் மூத்த கேப்டன் சைடுகாரில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ரயில்வே கேட்டின் தடுப்புக் கட்டையைப் பிடித்தபடி அந்தரத்தில் தொங்குபவரும் அவர்தான். இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் இதை யாரையும் வசனமாகச் சொல்ல வைக்கவில்லை. யார் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே போதும்.

இருவரும் கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான் படம் சூடு பிடிக்கிறது. அவளோடு அமெரிக்கா போக ஹென்ரிக்கு இருக்கும் ஒரே வழி, போர் மணமகள் சட்டம். ராணுவத்தினர் மணந்த வெளிநாட்டவரை அமெரிக்காவுக்குள் அனுமதிக்க 1945 டிசம்பர் 28-ல் வந்த அந்தச் சட்டத்தின் வாசகம் ‘வாழ்க்கைத் துணை’ என்றுதான் பேசுகிறது. ஆணா பெண்ணா என்று பிரிக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் போனவர்களில் பெண்கள் லட்சத்துக்கும் மேல், ஆண்கள் சில நூறு பேர்தான். அதனால் படிவம், படுக்கை, கப்பல் எல்லாம் மனைவிகளுக்கென்றே ஏற்பாடாகியிருக்கின்றன. கேப்டனிடம் கர்ப்பம் பற்றியெல்லாம் கேள்வி கேட்கிறார்கள். தங்குமிடம் தேடிப் போனால் மனைவிகள் விடுதியில் ஆண் என்று விரட்டுகிறார்கள். ஆண்கள் விடுதியில் ராணுவத்தினரின் மனைவி என்று விரட்டுகிறார்கள். அந்தச் சட்டத்தின் எண்ணையும் தன் தகுதியையும் ஒவ்வொரு வாசலிலும் ஒப்பிக்கிறார். ஒவ்வொரு முறையும் குரலில் கொஞ்சம் கம்பீரம் குறைகிறது. கிராண்ட்டின் உண்மையான பெண் வேடம் இதுதான். கப்பல் ஏறுவதற்காக மாட்டும், குதிரை வாலில் செய்த விக் பிற்பாடு வருவது.

அந்த விக் காட்சி சிரிப்பூட்டவே செய்கிறது. கிராண்ட் நளினம் காட்ட மெனக்கெடவில்லை. உம்மென்ற முகத்தோடு ஆண் நடையே நடக்கிறார். பெண்மையைக் கேலி செய்து சிரிப்பு வாங்கும் மலிவு இதில் இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் அதற்கு மேல் போகவும் படத்துக்குத் துணிச்சல் இல்லை. ஓரினச்சேர்க்கையாளர்கள் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு நீல நிறத் தாளில் பணிநீக்க உத்தரவு கொடுத்து அனுப்பிய அமெரிக்க ராணுவம் அது. தணிக்கை விதிகளும் கடுமையாக இருந்த காலம். வேடத்தை ஒரு தந்திரமாக மட்டும் காட்டிவிட்டு நழுவிவிடுகிறார்கள்.

பெரிய ஓட்டை இனம் சார்ந்தது. ராணுவத்தில் இனப் பிரிவினையை ஒழிக்க அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஆணையிட்டது 1948 ஜூலை 26-ல். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் படக்குழு ஜெர்மனியில் இருந்தது. அங்கே வெள்ளைக்காரப் பெண்ணை மணக்க விரும்பிய கறுப்பின வீரருக்கு மேலதிகாரி அனுமதி மறுப்பது சர்வசாதாரணம். அனுமதி கிடைத்தாலும் ஊர் திரும்பினால் பல மாநிலங்களில் அந்தத் திருமணம் செல்லாது. ஆசிய மணமகள்கள் பெரும்பாலோருக்கு 1947 திருத்தம் வரை இந்தச் சட்டத்தில் வழியே இல்லை. ஹென்ரிக்குப் படிவமும் முத்திரையும்தான் பிரச்சினை. இவர்களுக்குச் சட்டமே பிரச்சினை. படம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கேத்தரின் பாத்திரத்துக்கு அந்தக் குறை கிடையாது. பெண்களை அமெரிக்க ராணுவத்தில் நிரந்தரமாகச் சேர்க்கும் சட்டம் 1948 ஜூனில்தான் வந்தது. அடுத்த ஆண்டே திரையில் இப்படி ஒரு லெப்டினன்ட். திருமணத்துக்குப் பிறகும் சீருடை அவளுடையது, உத்தரவும் அவளுக்குத்தான் வருகிறது. அலட்டிக்கொள்ளாத நக்கலோடு ஷெரிடன் அதைத் தாங்குகிறார். படப்பிடிப்பின்போது அவருக்கு நிமோனியா, கிராண்ட்டுக்கு மஞ்சள் காமாலை என்று வேலை நின்றுபோனது தனிக்கதை.

முதல் பாதி கொஞ்சம் இழுவை, பொறுத்துக்கொள்ளலாம். கிராண்ட் பிரெஞ்சு உச்சரிப்புக்கு முயலவே இல்லை, அதையும் மன்னித்துவிடுங்கள். சப்டைட்டில் மட்டும் அவசியம். ஹாக்ஸ் படங்களில் வசனம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும். படிவக் காட்சியில் ஒரு கேள்வியைத் தவறவிட்டாலும் அதற்கான பதிலின் குறும்பு பிடிபடாது.