செயற்கைக்கோளா, ஈட்டியா? ஆர்க்டிக் பனியைப் படிக்கும் இரண்டு வழிகள்

கடல்பனி மொத்தமாக எவ்வளவு சுருங்கியது என்று கேட்டால் செயற்கைக்கோளுக்கு ஈடில்லை. 1979 முதல் தொடர் பதிவு இருக்கிறது. 2012 செப்டம்பரில் பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது அதில்தான் தெரிந்தது. ஆனால் செயற்கைக்கோள் நுண்ணலையில் எடுக்கும் அந்தப் படத்தில் ஒரு சதுரக் கட்டத்தின் அகலமே சுமார் 25 கிலோமீட்டர். ஸ்னோமொபைல் என்ற பனி வண்டி மூழ்க, நாலடி அகலத்துக்குப் பனி மெலிந்திருந்தால் போதுமே!

ஆர்க்டிக் பழங்குடியான இனுவிட் வேட்டைக்காரர் ஈட்டியால் பனியைக் குத்திப் பார்ப்பார். அது இறங்கும் விதம், பனியின் நிறம், அடியில் ஓடும் நீரோட்டம் எல்லாம் சேர்த்துத்தான் முடிவு. என்ன, அந்த அறிவு அந்த வட்டாரத்துக்கு மட்டும்தான்.

கனடாவின் நெய்ன் ஊரில் தொடங்கிய ஸ்மார்ட்ஐஸ் திட்டம் இரண்டையும் கலந்தது. தடிமன் அளக்கும் கருவி சறுக்குவண்டியில் போகும். எந்தப் பாதையில் என்பதை ஊர்க்காரர்கள் சொல்வார்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

அப்புறம் அரசியல். 1996-இல் ஆர்க்டிக் நாடுகள் சேர்ந்து அமைத்த ஆர்க்டிக் கவுன்சிலில் 6 பழங்குடி அமைப்புகளுக்கு நிரந்தர இடம் உண்டு. முடிவெடுப்பதோ 8 உறுப்பு நாடுகள். 2022-இல் உக்ரைன் போர் வெடித்ததும் ரஷ்யா தவிர்த்த 7 நாடுகள் கவுன்சில் பணிகளைத் தற்காலிகமாக நிறுத்தின. ரஷ்யாவின் சைபீரியப் பனியை வானிலிருந்து இன்னும் பார்க்கலாம். அங்கே போய் உறைமண்ணை, அதாவது ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலத்தை, அளக்கத்தான் மேற்கத்தியக் குழுக்களுக்கு வழி அடைபட்டது.