நூற்றுக்கு 45-ஆ, இருபது முகப் பகடையா?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் முதன்முதலாகப் பாத்திரம் ஏற்று ஆடியது 2022 மார்ச் கடைசியில். ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு என்று அறிவித்திருந்த நாட்கள். மெழுகுதிரி, ஒரு கொப்பி, நாலு பேர். அதன் பிறகு என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "நாங்களும் தொடங்கலாம், ஆனால் எதில் தொடங்குவது?"

விளையாட்டை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். பூட்டை உடைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கரம் போல கடைசியில் ஒருவர் வெல்வதில்லை.

எல்லோரும் முதலில் கேள்விப்படுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. இந்த வகை விளையாட்டே அதிலிருந்துதான் கிளைத்தது. வாள், மந்திரம், அரக்கர், புதையல். நாலு முகம் தொடங்கி இருபது முகம் வரை வெவ்வேறு வடிவப் பகடைகள் வேண்டும். என்ன செய்தாலும் அடிப்படை ஒன்றுதான்: இருபது முகப் பகடையை உருட்டி, உங்கள் திறமைக்கான எண்ணைக் கூட்டி, கதை நடத்துபவர் வைத்த இலக்கைத் தொட வேண்டும். இதன் பெரிய பலம், உங்கள் முறை வரும்போது என்ன செய்யலாம் என்பது தெளிவாக இருப்பது. கூச்சப்படுகிறவர் "அடிக்கிறேன்" என்று சொன்னாலே போதும், ஆட்டம் நகரும். மாதக்கணக்கில் ஆடும்போது பாத்திரம் படிப்படியாக வலுப்பெறுவதைப் பார்க்கும் சந்தோஷம் வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் 2024-இல் வந்த ஆட்டக்காரர் கைநூல் மட்டும் 384 பக்கம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் சேரும். அதனால் முதலில் காசு கொடுக்காதீர்கள். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2023 ஜனவரியில் விதித் தொகுப்பு ஒன்றைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் விட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அதைத் தமிழில் மொழிபெயர்த்துப் பகிரக்கூட யாரையும் கேட்க வேண்டியதில்லை. பணத்தைவிடப் பெரிய செலவு நேரம். எங்கள் முதல் மாலை முழுவதும் பாத்திரத் தாள் நிரப்புவதிலேயே போனது. மந்திரவாதியை எடுத்த நண்பர் மந்திரப் பட்டியலை வாசித்து முடிப்பதற்குள் மெழுகுதிரி பாதியாகிவிட்டது. தயாராக எழுதிவைத்த தாள்களோடு தொடங்கியிருந்தால் அந்த இரவிலேயே ஆடியிருப்போம்.

அடுத்தது கோல் ஒஃப் கதுலு, 1981. அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டின் திகில் கதைகளிலிருந்து பிறந்தது. இங்கே நீங்கள் வீரர் அல்ல. ஆசிரியர், நிருபர், தாதி போன்ற சாதாரண ஆள். திறமை எல்லாமே நூற்றுக்கு இத்தனை என்றுதான் எழுதியிருக்கும். "காது கொடுத்துக் கேட்டல் 45" என்றால், 45 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் புள்ளி வாங்கிய எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பத்து முகப் பகடை கிடைக்கவில்லையா? 0 முதல் 9 வரை எழுதிய பத்துக் கடதாசித் துண்டுகளை ஒரு டின்னில் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டு, மீண்டும் ஒன்றை எடுங்கள். முதலில் வந்தது பத்துகள், அடுத்தது ஒன்றுகள். இரண்டும் 0 என்றால் நூறு. நாங்கள் மூன்று மாதம் அப்படித்தான் ஆடினோம்.

இலவசமான அறிமுக விதிகளோடு ஆள் தங்காத பழைய வீடு ஒன்றின் கதையும் வருகிறது. அது அமெரிக்காவில் நடப்பது. நான் அதை 1931 கொழும்புக்கு மாற்றினேன். வீடு கறுவாத்தோட்டத்தில், துப்புத் தேடப் போவது தொடங்கி ஒரு வருடமான வீரகேசரியின் பழைய இதழ்களில், போய்வருவது பொரளை டிராமில். ஆங்கில விதிநூலைத் தொட்டே பார்க்காத என் மாமிக்கு 61 வயது. அவரும் அன்று மேசையில் இருந்தார். அறைக்குள் ஏதோ அசையும் சத்தம். அவருக்குக் கேட்டல் 45. டின்னில் கைவிட்டார்: முதலில் 4, பிறகு 3. மேசையே அமைதியானது. "தம்பி, நான் அந்த அலுமாரியைத் திறக்கப் போறதில்லை. உள்ளுக்கு ஆரோ நிக்கினம்" என்றார். நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

இதற்கும் குறை உண்டு. திகில் எல்லோருக்கும் ஒத்துவராது, முதலிலேயே கேட்டுவிடுங்கள். சண்டையில் இறங்கினால் பாத்திரம் சீக்கிரம் சாகும், மனநிலையும் படிப்படியாகத் தேயும். வருடக்கணக்கில் ஒரே ஆளாக வாழ ஆசைப்படுகிறவருக்கு முதல் விளையாட்டுத்தான் சரி.

நேரமே இல்லை என்பவர்களுக்கு ஜோன் ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ், 2013. விதி முழுவதும் ஒரே பக்கம். விண்கலத்தில் நீங்கள் ஒரு மாலுமி. 2 முதல் 5 வரை ஓர் எண்ணைத் தெரிவு செய்கிறீர்கள். அறிவால் செய்யும் வேலைக்கு அதற்குக் கீழே விழ வேண்டும், மனதால் செய்வதற்கு மேலே. லூடோப் பெட்டியில் இருக்கும் பகடை போதும். ஆனால் கதை நடத்துபவர் எல்லாவற்றையும் உடனுக்குடன் கற்பனை செய்ய வேண்டியிருப்பதால், பேசப் பழகாத குழு அரைமணியில் விழித்துக்கொண்டு நிற்கும்.

கூட ஆட ஒருவருமே இல்லை என்றால் ஐயன்ஸ்வோர்ன், 2018. இதுவும் இலவசம், தனியாகவே ஆடலாம். நல்ல விளையாட்டு, ஆனால் மேசையைச் சுற்றி ஆட்கள் இருக்கும் சுகம் அதில் இல்லை.

கொழும்பில் நான் பார்க்கும் அளவுகோல் ஒன்று: விதியை ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்காமல், பிளேன்டீ ஆறுவதற்குள் தமிழில் சொல்லி முடிக்க முடியுமா? முடிந்தால் அம்மா, மாமா, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் ஆடலாம். முடியாவிட்டால் ஆங்கிலம் ஓடுகிற இரண்டு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனவே என் தெரிவு கதுலுவின் அறிமுகக் கதை, தமிழில் எழுதிய ஒரு பக்கத் தாளோடு. போயாவுக்குப் போயா, அதாவது ஒவ்வொரு பௌர்ணமி விடுமுறைக்கும், தவறாமல் வரக்கூடிய நாலு பேர் சேர்ந்துவிட்டால், அப்போது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குப் போங்கள். எங்கள் குழு இப்போது அங்கேதான் இருக்கிறது. மந்திரங்களைத் தமிழில் எழுதிவருகிறேன், இதுவரை முப்பத்தொன்று முடிந்திருக்கிறது. மாமி எடுத்திருப்பது மந்திரவாதி.